கடல் பக்கத்துச் சுவர்

வசேமாதாவுக்கு என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "குறை சொல்ற வேலை" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கட்டடம் கட்டுகிற இடத்தில் தரம் பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்?

தலைநகர் சுவாவில் படித்தவள். கடலோரத்தில் பெரிய பெரிய ஓட்டல்கள் எழும்பியபோது அங்கே வெயிலில் நின்று, கம்பிக்கட்டு சரியா, ஜல்லி சுத்தமா, பலகை அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவள். கல்யாணம் ஆகவில்லை. முந்தின புயலில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சுவாவில் இருப்புக் கொள்ளவில்லை. புதுப் பள்ளிக்கூடம் கட்ட ஆள் வருகிறது, புயல் வந்தால் ஊரே அதற்குள் போய் ஒதுங்கலாம் என்று செய்தி வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

கட்ட வந்த கம்பெனிக்காரர்களும் பழைய கதையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பழைய கூரை பறந்ததற்குக் காரணம், கட்டும்போது எவனும் எதையும் பார்க்கவில்லை என்பது. ஆகவே இந்தத் தடவை புது ஏற்பாடு. வேலை நின்றே ஆகவேண்டிய இடங்கள் என்று சிலவற்றைக் குறித்தார்கள். அங்கே தரம் பார்க்கிற ஆள் வந்து பார்த்து 'ம்' சொல்லாமல் ஒரு சட்டிக் கலவைகூட விழக்கூடாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆள் வெளியூர்க்காரனாக இருந்தால் ஊர் மதிக்காது, ஊர்ப் பெண்ணாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஏனென்றால் அங்கே மேஸ்திரி இலியேசா. வசேமாதாவின் பெரியப்பா மகன். அண்ணன்.

அண்ணனும் தங்கையும் எங்களுக்குள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. விவரம் தெரிந்த பிறகு ஒரே பாயில் உட்கார்வதில்லை, பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தங்கை வருகிற வழியில் அண்ணன் ஒதுங்கிப் போவான். அது பகை இல்லை. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு இருக்கிற மரியாதை அவ்வளவு. நகரத்தில் இப்போது பேசுகிறார்கள் என்று கேள்வி. அந்தக் குடும்பத்தில் பேசமாட்டார்கள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த வசேமாதாவுக்காக இலியேசா அடுத்த தீவுவரை துடுப்புப் போட்டுப் போய் மருந்து வாங்கி வந்தான். அந்த மருந்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனானே தவிர, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

சரி, பேச முடியாவிட்டால் வேலை எப்படி நடக்கும்? அதற்குத்தான் தோமாசி.

தோமாசி இருவருக்கும் அத்தை மகன். கொத்து வேலைக்காரன், அகலமான ஆள், முன்பல் ஒன்று ரக்பி ஆட்டத்தில் போய்விட்டது. முறைக்காரர்களுக்குள் எங்களுக்குக் கேலி பேசத்தான் தெரியும். மச்சானைக் கண்டால் வாரிவிடாமல் போனால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். தோமாசி ஒருபக்கம் இலியேசாவை ஓட்டுவான், இன்னொரு பக்கம் வசேமாதாவை வம்புக்கு இழுப்பான். தினமும் காலையில் அவளைப் பார்த்ததும் முதல் பேச்சு இதுதான்: "என்ன மாமன் பொண்ணே, இன்னைக்காவது என்னைக் கட்டிக்கிறியா? என்கிட்ட ஏதாவது குறை இருந்தா எழுதிக் குடு, சரி பண்ணிட்டு வரேன்." அவள் அவன் பல் போன இடத்தைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பாள். அவன் நிஜமாகத்தான் கேட்கிறானோ என்று சில சமயம் அவளுக்கு உள்ளே ஒரு சந்தேகம் வரும். அத்தை மகன் கேட்டால் அது நிஜமா கேலியா என்று எந்தப் பெண்ணால் கண்டுபிடிக்க முடியும்?

அஸ்திவாரம், தூண், சுவர் என்று எல்லாம் தோமாசி வழியாகவே நடந்தது. "இந்தத் தூண்ல கம்பி பலகையை ஒட்டி நிக்குது, கடல் காத்துல துருப் பிடிச்சிடும்னு சொல்லு" என்பாள். தோமாசி சாரத்தில் ஏறி, "மச்சான், உன் கம்பி உன்னை மாதிரியே ஓரமா சாய்ஞ்சு தூங்குதாம், எழுப்பி உக்கார வெக்கணுமாம்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், இலியேசாவும் சிரிப்பான், கம்பியையும் சரி செய்துவிடுவான். யாருக்கும் முகம் சுண்டவில்லை. வேலையும் சுத்தமாக வந்தது. சுவாவில் இருந்த மேலாளர் கிரெய்க், பிரிஸ்பேன்காரர், நல்ல மனுஷன், எங்கள் ஊர் வேலையைத்தான் மற்ற தீவுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் வசேமாதாவுக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள். சின்னக் குறை கேலியில் ஏறிப் போகும். பெரிய குறை வந்தால்? கூரை வேலை நெருங்கும்போது கிரெய்க்கிடம் போனில், பெரிய கான்கிரீட் போடும் நாளுக்கு மட்டும் வேறு ஒருவரை அனுப்பமுடியுமா என்று கேட்டாள். ஏன் என்று கேட்டார். மேஸ்திரி தனக்கு அண்ணன் முறை என்றாள். அப்படியானால் இன்னும் வசதிதானே, வீட்டு ஆள்தானே, மனம்விட்டுப் பேசு என்றார். அதற்குமேல் சொன்னால் சொந்த வீட்டு வழக்கத்தை வெளியாளிடம் கடைவிரிப்பதாக ஆகிவிடும் என்று இவளுக்குக் கூச்சம். "சரி, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரி'யை நினைத்து அவள் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சமல்ல.

சுவர்களின் உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை ஓடும். கூரை மரங்களைப் பிடித்து நிறுத்துகிற போல்ட்டுகள் அந்தப் பட்டைக்குள் புதைந்திருக்கும். போல்ட்டின் அடிப்பாகம் கொக்கி மாதிரி வளைந்து, பட்டையின் அடிக்கம்பியைக் கவ்வியிருக்கவேண்டும். அப்படி இருந்தால் புயல் கூரையைத் தூக்கும்போது சுவரையே சேர்த்துத் தூக்கவேண்டும், அது நடக்காது. கூரையின் உயிர் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது.

கான்கிரீட் போடுகிற நாள் ஊருக்கே திருவிழா. எங்களிடம் பெரிய வேலை என்றால் ஊர் முழுக்க வந்து கை கொடுக்கும். விடிந்ததிலிருந்து மண்ணுக்குள் கல் காய்ச்சிப் பன்றியையும் சேப்பங்கிழங்கையும் புதைத்தாயிற்று. பெண்கள் பூப்போட்ட சட்டையில் வரிசை கட்டி நின்றார்கள், வாளி கை மாற்றுவதற்கு. ஊர்த் தலைவர் வந்து பாயில் அமர்ந்து, யங்கோனா வேரைக் கரைத்த பானத்தை ஒரு கிண்ணம் குடித்துக் கை தட்டி வேலையை ஆசீர்வதித்துவிட்டார். மேற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது.

வசேமாதா ஏணி வைத்துச் சுவரின் மேல் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலைப் பக்கம் எல்லாம் கச்சிதம். கடல் பக்கத்துக்கு வந்து பலகைக்குள் எட்டிப் பார்த்தவள் கையை விட்டுத் துழாவினாள். அங்கே ஒரு போல்ட்டிலும் கொக்கி இல்லை. வெறும் நேர்க் கம்பிகள், மேல் கம்பியில் ஒரு சுற்றுக் கட்டுக்கம்பியால் ஒப்புக்குக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். முந்தின நாள் இலியேசா சிமெண்ட் இறக்கப் படகுத்துறைக்குப் போயிருந்த நேரத்தில், வளைத்த போல்ட் தீர்ந்துபோக, தச்சர்கள் இருந்த நேர்க் கம்பியை வெட்டிச் செருகிவிட்டார்கள். கலவை விழுந்துவிட்டால் பிறகு கடவுளாலும் உள்ளே பார்க்க முடியாது. புயல் எங்களுக்கு எப்போதும் கடல் பக்கமிருந்துதான் வரும்.

இறங்கி ஓடிவந்து தோமாசியைப் பிடித்தாள். "தோமாசி, கடல் பக்கம் கொக்கியே இல்ல. நிறுத்தச் சொல்லு. கழட்டி மறுபடி கட்டணும், ஒரு நாள் ஆகும். இன்னைக்கு விளையாட்டு இல்ல, கேட்டியா?"

அவள் முகத்தைப் பார்த்து அவனும் பயந்துதான் போனான். விறுவிறுவென்று சாரத்தில் ஏறினான். "மச்சான், நிறுத்து. கடல் பக்கம் போல்ட்டு சரியில்லையாம். எல்லாத்தையும் கழட்டணுமாம்."

இலியேசா அவனைப் பார்த்தான். கீழே ஊரே வாளியோடு நிற்கிறது, தலைவர் ஆசீர்வதித்தாயிற்று, பன்றி வெந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் எந்த மச்சான்தான் வந்து வாரமாட்டான்? "பன்னி வேகறதுக்குள்ள உனக்கு இடுப்பு வலி வந்திடுச்சா மச்சான்? பொம்பளைங்க பக்கம் போய் உக்காந்துக்கோ, உன் வாளியையும் நானே தூக்கறேன்" என்றான். சாரம் முழுக்கச் சிரிப்பு.

"மச்சான், நெசமா. சத்தியமா சொல்றேன்."

சத்தியம் என்றதும் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. கேலியின் உச்சத்தில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சத்தியம் செய்வதுதானே எங்கள் முறைக்காரர்களின் வழக்கம். பாவம், தோமாசி கெஞ்சக் கெஞ்ச அவன் இன்றைக்கு ரொம்ப நன்றாக நடிக்கிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் வாளி ஏறியது.

வசேமாதா ஊர் நிர்வாகியிடம் ஓடினாள். அவர் பெரியவர், பொறுமையாகக் கேட்டார். தலைவர் தொடங்கி வைத்த வேலை, அவர் எதிரில் மேஸ்திரி தப்புச் செய்துவிட்டான் என்று எழுந்து சொன்னால் இலியேசா எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பான் என்று திருப்பிக் கேட்டார். நிறுத்துவதென்றால் இலியேசாவே நிறுத்தட்டும், தோமாசியிடம் சொல்லி அனுப்பு என்றார்.

இனி வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று வசேமாதாவே சாரத்தை நோக்கி நடந்தாள். அதையும் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவள் கிட்டே வருவதைக் கண்டதும் இலியேசா, நல்ல அண்ணன் செய்யவேண்டியபடி, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சாரத்தின் மறு கோடிக்கு நகர்ந்தான். அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவன் இந்தப் பக்கம் வந்துவிட்டான். அவள் வாயைத் திறந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். விவரம் தெரிந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிட்டிராத அண்ணன் அவன். என்ன சொல்லி அழைப்பது என்றே நாக்குக்குத் தெரியவில்லை. ஒருத்தி அவளுக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்து நிழலுக்குக் கூட்டிப்போய் இளநீர் கொடுத்தாள்.

குன்றின் மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். மூச்சிரைக்க ஏறிக் கிரெய்க்கைக் கூப்பிட்டு, கடல் பக்கம் கொக்கி இல்லை என்றாள். "நிறுத்தச் சொல்லு, உனக்குத்தான் அந்த அதிகாரம் இருக்கே" என்றார் அவர்.

"சொல்லியாச்சு."

"அப்புறம் யார் கலவை போடறாங்க?"

கீழே பார்த்தாள். கடல் பக்கத்துச் சுவரில் வாளிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் இறங்கி வருவதற்குள் அந்தப் பக்கம் முடிந்து, தோமாசியே மட்டப்பலகையால் மேலே தேய்த்துக்கொண்டிருந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மழை வருவதற்குள் வேலை முடிந்ததில் ஊருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பட்டை இறுகிய பிறகு கிரெய்க் படகில் வந்தார். எதையும் முகத்துக்கு முகம் பேசினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனுஷன். அண்ணனையும் தங்கையையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்து, உன் கவலையை இவரிடமே சொல் என்று வசேமாதாவைக் கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். இலியேசா ஜன்னலைப் பார்த்தான். அவருக்குப் புரியவில்லை. மேஸ்திரியைக் கேட்டார். இலியேசா பொய் சொல்லத் தெரியாதவன். தங்கச்சி அன்றைக்கு முழுக்க அங்கேதான் இருந்தாள், குறை என்று ஒரு வார்த்தை தன்னிடம் வரவில்லை என்றான். அது உண்மைதான். அவனிடம் வந்தது தோமாசியின் கேலி மட்டும்தானே.

கிரெய்க் ஒரு போல்ட்டை இயந்திரம் வைத்து இழுத்துப் பார்த்தார். பிடித்து நின்றது. நேர்க் கம்பியும் மெல்ல இழுத்தால் நிற்கத்தான் செய்யும். புயல் என்ன மெல்ல இழுத்தா பார்க்கும்? படகேறும்போது வசேமாதா அவரைத் தனியாகப் பிடித்து, கடல் பக்கத்தை உடைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினாள். இதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, உடைக்கவேண்டும் என்றால் கண்ணால் பார்த்தவள் எல்லார் முன்னிலும் சொல்லவேண்டும் என்றார். வேலை தரமாக முடிந்தது என்கிற தாளில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அவளுக்கு மேலே சுவாவில் இருந்த ஒருவர் போட்டுவிட்டார்.

கட்டடம் திறந்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். தரத்துக்கு எடுத்துக்காட்டு என்று யாரோ பேசினார்கள். இலியேசாவுக்கு மாலை போட்டார்கள், தோமாசி அன்றைக்கு யாரையும் கேலி செய்யவில்லை. அதன்பிறகு காலையில் வசேமாதாவைக் கண்டாலும் கட்டிக்கிறியா என்று கேட்பதை விட்டுவிட்டான். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலத்தின் பாதியில் புயல் எச்சரிக்கை வந்தது. வசேமாதா வீடு வீடாகப் போய், பள்ளிக்கூடம் வேண்டாம், அந்தக் காலத்தில் ஊர் ஒதுங்கிய மலைக் குகைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். புதுக் கட்டடம் இருக்கும்போது குழந்தை குட்டிகளோடு வழுக்குப் பாறையில் எதற்கு ஏறவேண்டும் என்று கேட்டார்கள். உன் அண்ணன் கட்டின கட்டடம்மா, உனக்கே நம்பிக்கை இல்லையா என்று ஒரு கிழவர் கேட்டதும் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். கடைசியில் அவளும் உள்ளேதான் வந்தாள். ஊர் இருக்கிற இடத்தில்தானே அவளும் இருக்கமுடியும். தன்னால் ஆனது, பிள்ளைகளை எல்லாம் மலைப் பக்கச் சுவரோரம் ஒண்டி உட்கார வைத்தாள். பாட்டுச் சொல்லித் தருவதாகப் பொய் சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

மத்தியானம் காற்று முழு வேகத்துக்கு வந்தது. தோமாசி எங்கிருந்தோ ஒரு படகுக் கயிற்றைக் கொண்டுவந்தான். மேசை மேல் மேசை போட்டு ஏறி, கடல் பக்கத்து உத்தரங்களைத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டத் தொடங்கினான். ஒன்றைக் கட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தான். பயந்துபோய்க் கிடந்த ஜனத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று இலியேசா கீழேயிருந்து குரல் கொடுத்தான்: "என்ன மச்சான், பொண்ணு கிடைக்கலன்னு கூரையைக் கட்டிக்கிறியா?"

ஜனம் சிரித்தது. தோமாசி சிரிக்கவில்லை. திரும்பிப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த வசேமாதாவைப் பார்த்தான். ஏதோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை.

கடல் பக்கத்துக் கூரை அப்படியே எழுந்தது. கயிறு தோமாசியின் கையில் சுற்றியிருந்தது. அவனையும் எடுத்துக்கொண்டு போயிற்று. மலைப் பக்கத்துக் கூரை அசையவில்லை, அதன் கீழே இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காற்று ஓய்ந்ததும் கொடிமரத்துக்கு அப்பால் மரவள்ளித் தோட்டத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். அவன் அம்மா வீட்டில் பாய்மேல் பாய் விரித்துக் கிடத்தினார்கள். ஒரு பக்கம் வசேமாதா உட்கார்ந்திருந்தாள். இலியேசா உள்ளே வந்தான். தங்கை இருக்கிற அறை என்று தெரிந்தும் வந்தான். சுவரிலிருந்து உருவிக்கொண்டு போன போல்ட் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். நேராக, வளைவே இல்லாமல் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி தோமாசியின் மறுபக்கம் உட்கார்ந்தான். வெளியே ஆண்கள் யங்கோனா கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இலியேசா தோமாசியின் முகத்தைப் பார்த்தே கேட்டான். குரல் உடைந்து வந்தது.

"மச்சான், அவகிட்டக் கேளு. இது அவளுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சா ஏன் என்கிட்டச் சொல்லல?"

வசேமாதாவும் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தோமாசியின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்:

"சொன்னேன்னு சொல்லு, தோமாசி."